மறைப் பெறுமானம்

மூன்றாம் நாளும் திருநெல்வேலியில் அதே மேசை.
வலய வினாத்தாளுக்கு இன்னும் ஒரு வினா வேண்டும்.
'மனனம் செய்தவருக்கு மட்டும் வாய்க்கக் கூடாது'
இவ்வளவுதான் சுற்றறிக்கை.

வரைவிலக்கணம் கேட்டால் வந்து விழும்,
ரியூசன் கொட்டிலில் அச்சடித்த அதே காற்புள்ளியோடு.
'வரையறுக்க' என்பதை வெட்டினேன்.
'விளக்குக' என்று போட்டுப் பார்த்தேன்.
அதற்கும் ஒரு மனப்பாடம் இருக்கிறது.

கடைசியில் கிணற்றுக்குப் போனேன்.
கோப்பாய் நீரில் சவர்க்காரம் நுரைக்காது,
கொதிக்க வைத்து ஆறவிட்டால் நுரைக்கும்,
கேத்திலின் அடியில் வெள்ளையாய் ஒரு படை.
அராலி நீர், கொதித்த பின்னும் பிடிவாதம்.
ஏன்? உமது ஊகத்தை எவ்வாறு சோதிப்பீர்?
எட்டுப் புள்ளி.

அறுபத்திரண்டு பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தோம்.
மேலே பதினேழு பேர், கீழே பதினேழு பேர்.
குகதாசன் சேர் கணிப்பானைத் தட்டினார்.
பாகுபடுத்தும் சுட்டி:
மறை தசம் ஒன்று எட்டு.

"கெட்டிக்காரர் பிழை விடுகினம்,
மொக்குகள் சரியாச் செய்யுதுகள்.
இதென்ன கேள்வி மிஸ், தூக்குங்கோ."

தூக்கவில்லை. விடைத்தாள்களை வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

மேலே இருந்த பதினேழில் அநேகமும்
இருகாபனேற்றின் பிரிகையை
அம்புக்குறி பிசகாமல் எழுதியிருந்தன,
இரண்டு கிணற்றுக்கும் ஒரே சமன்பாடு.

கீழ்க்கட்டில், சுட்டெண் 0219.
சமன்பாடு இல்லை. எழுத்துப் பிழை மூன்று.
'ரண்டுக்கும் ஒரே அளவு சவக்காரமோ போட்டது?
கொதிச்சால் தண்ணி வத்தும்.
எவ்வளவு வத்தினது எண்டு கேள்வியில இல்லை.
அது தெரியாமல் அராலியைக் குறை சொல்லேலாது.'

புள்ளித்திட்டத்தில் இதற்கு வரி இல்லை.
பூச்சியம் போட்டது நான்தான்,
சிவப்பில், நல்ல வட்டமாக.

இதைச் சரியென்று எடுத்தால்
சுட்டி இன்னும் இறங்கும்:
மறை தசம் இரண்டு நாலு.
குகதாசன் சேருக்கு எப்படிச் சொல்வது?

ஓட்டையை அடைக்க ஒரு வரி எழுதினேன்:
'சம கனவளவு நீர், சம அளவு சவர்க்காரம் எனக் கொள்க.'
வினா உடனே சுத்தமாகிவிட்டது.
இனி யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

நெடுநேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு வெட்டினேன்.

விடியப்புறம் விரலில் ஒட்டிய சிவப்பு மையோடு
குழாயடியில் நின்றேன். நுரை வரவில்லை.
எங்கள் தண்ணீரே அப்படி என்று சொல்ல வாயெடுத்து
நிறுத்தினேன்.
எவ்வளவு சவர்க்காரம் தேய்த்தேன் என்று
நான் பார்க்கவே இல்லை.