உள்வைத்த பொருள்

இரண்டு ஊசிக்குழாய்கள்.
ஒன்றில் நிறமில்லை, மற்றதில்
மயில்கழுத்துச் சேலையின் முதல் அலசல் நீர் போல ஒரு நீலம்.
நுனியில் சந்திக்கும்வரை இரண்டும் வெறும் திரவம்.
சந்தித்தால் மூன்று நொடி.
அதற்குள் டாக்டர் ஜுவைனாவின் கை நகர்ந்தாக வேண்டும்.
தயங்கினால் குழாயின் மூக்கு அடைத்துக்கொள்ளும்,
நான் இன்னொரு பெட்டி உடைப்பேன்,
ஸ்டோர் வர்கீஸ் ஒரு வாரம் என்னோடு பேசமாட்டார்.

ராயப்பன் அன்று மேஜையில் குப்புறக் கிடந்தார்.
ஸொஹார் துறைமுகம், இரவு ஷிப்ட்,
ஷாக்கிள் நழுவி இறங்கிய இரும்பு.
எலும்புக்கு அடியில் மூளை போர்த்தியிருந்த சவ்வு
ஒரு விரல்நீளம் கிழிந்திருந்தது.
தைத்தோம்.
தையலின் கண்களில் கசிந்தது
பளிங்குபோல் ஒரு நீர்.
குடத்தில் பிடித்து வைக்கலாம் என்று தோன்றும், அத்தனை சுத்தம்.
வெளியே வரக்கூடாத நீர்.

அதன்மேல் நீலத்தைப் பீய்ச்சினார்.
நுங்கைப்போல ஒருமுறை நடுங்கியது,
பிறகு நடுங்கவில்லை.
மயக்க மருந்து ரவூஃப் நெஞ்சுக்குள் காற்றை அழுத்திப் பிடித்தார்.
எல்லாரும் குனிந்து பார்த்தோம்.
எண்ணினேன், பதினெட்டு வரை.
வறட்சி.
வறட்சியைக் கண்டு நாங்கள் சிரித்த ஒரே இடம்
இந்த ஊரில் அதுதான்.

ஐந்தாம் நாள் வார்டில் கேட்டார்:
"உள்ள என்ன வெச்சீங்க, ஜெசிந்தா சிஸ்டர்?"
தண்ணிதான், முக்கால்வாசிக்கு மேல.
அதைப் பிடிச்சு வைக்க ஒரு வலை.
"வலை" என்றதும் முகம் தெளிந்தது.
"எப்ப எடுப்பீங்க?"
எடுக்கமாட்டோம். சவ்வு கூடினபிறகு
வலையே முடிச்சு முடிச்சா அவிழ்ந்துடும். எட்டு வாரம்.
"அவிழ்ந்து?"
சொன்னேன், எந்த வழியாகப் போகும் என்று.
"முந்நூறு ரியாலையா?" என்று வெடித்துச் சிரித்து
தலையைப் பிடித்துக்கொண்டார்.
சிரிக்கக்கூடாது என்று சார்ட்டில் எழுதவில்லை, என் தப்பு.

பத்தாம் வாரம் ஸ்கேன்.
நீலம் இல்லை. நீர்க்கோவை இல்லை.
சவ்வு, தன்பாட்டுக்குச் சவ்வாக இருந்தது.

அதே வாரம் மஸ்கட்டிலிருந்து காப்பீட்டுப் படிவம்.
உள்வைத்த பொருளின் தற்போதைய நிலை?
மூன்று கட்டங்கள்:
இருக்கிறது. அகற்றப்பட்டது. பழுதானது.
ஒன்றில் மட்டும் டிக் செய்யவும்.

வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டது
என்று ஓரத்தில் பேனாவால் எழுதினேன்.
திரும்பி வந்தது.
போனில் ஒரு பையன், நல்ல பையன்தான்:
"சரி மேடம், இப்ப அது எங்கே?"
ஜன்னலுக்கு வெளியே ரவுண்டானா.
கழிவுநீரைச் சுத்திகரித்து
இரவெல்லாம் சொட்டுவிடும் கருங்குழாய்கள்,
வெயில் உறைக்காத டிசம்பரில்
ஊதா பெட்டூனியா, குப்பை குப்பையாக.
அங்கே இருக்கலாம் என்று சொல்ல வாய் வந்தது.
"சிஸ்டத்துல ஏறாது மேடம்" என்பான்.

வர்கீஸ்தான் வழி சொன்னார்:
பெட்டியில் லாட் எண் ஸ்டிக்கர் ஒன்று மிச்சம் இருக்கும்,
அதை ஒட்டி அனுப்பு, அவர்களுக்கு ஒட்டினால் போதும்.
உரித்தேன். பாதி வந்தது.
மீதியை நகத்தால் சுரண்டி ஒட்டினேன்.

பணம் வந்ததா தெரியவில்லை.
ராயப்பன் உயரத்தில் ஏறக்கூடாது, ஆறு மாதம்;
கீழே டூல் ரூமில் ஷாக்கிள்களைச் சோதித்து
சிவப்புக் குறி போடுகிறாராம், கொஞ்சம் அதிகமாகவே.

அந்த ஸ்டிக்கர் பசை
என் கட்டைவிரலில் நான்கு நாள் இருந்தது.
ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தேன்.
கரையவில்லை.