கச்சான் சுருளில் ஒருத்தி

யாழ்ப்பாணம் பஸ் நிலையம். நூறு ரூபாய்க் கச்சான்.
சுருளைப் பிரித்தால்
உள்ளிருந்து ஒரு பெண் பார்க்கிறாள்.

மெசின் மையைக் கக்கிக் கழித்துப்போட்ட
போட்டோக் கொப்பி.
நெற்றியில் உப்பு.
கன்னத்தில் கச்சான் தோல், மச்சம் மாதிரி.
கொன்சலா. குருநகர்.
கீழே அடையாள அட்டை இலக்கம்,
ஒரு சுழிகூட அழியாமல்.

எனக்கு அதை வாசிக்கத் தெரியும்.
முதல் இரண்டும் பிறந்த ஆண்டு.
அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள்;
பெண் என்றால் அதோடு ஐந்நூறு கூட்டு.
எந்தக் கந்தோரில் எந்த மேசையில் இருந்து
யார் யோசித்தாரோ,
பிறந்த அன்றைக்கே ஐந்நூறு பாரம்.
(என்னுடைய இலக்கத்தைச் சொல்லமாட்டேன்.
கவிதையில்கூட.)
கொன்சலாவுக்குப் பிறந்தநாள் நவம்பரில்.
அவள் சொல்லவில்லை, கச்சான் சொன்னது.

வாசிக்கப் பழக்கியது பொலிஸ் நிலையம்.
போன ஆவணியில் ஒரு கடிதம் வந்தது:
நான் கண்ணாலும் காணாத மோட்டார் சைக்கிளுக்கு
நாலு தவணை கட்டவில்லையாம்.
நிறமும் போட்டிருந்தார்கள், நீலம்.
எனக்காகக் கையெழுத்து வைத்தவன்
செல்வநிதியில் ஒரு குற்றை மறந்திருந்தான்.
செலவநிதி.
சிரிப்பு வந்தது. அன்றைக்கு மட்டும்.

பிறகு சிம். என் பெயரில் ஐந்து.
ஒன்று என்னிடம்.
மற்ற நாலும் எங்கேயோ இருந்து
ஆர் ஆருக்கோ பரிசு விழுந்ததென்று கதைத்துக்கொண்டிருந்தன.
"இது உங்கட நம்பர்தானே?" என்றார் சார்ஜன்.
என்னுடையதுதான்.
"அப்ப?"
அந்த அப்பவுக்கு மறுமொழி மூன்று பக்கம் போனது.
கீழே கையெழுத்து வைத்தேன்,
குற்றை அழுத்தி.

முகமாலையில் வரிசையில் நின்ற காலம்
அட்டையைப் பொலித்தீனில் சுற்றி
மார்போடு வைத்திருந்தேன்.
அது தொலைந்தால் நான் இல்லை.
இப்போது தொலையவில்லை,
பேர்சுக்குள் பத்திரமாய்க் கிடக்கிறது.
நான்தான் பெருகிவிட்டேன்.
நீல மோட்டார் சைக்கிளில் எந்த ரோட்டிலோ போகிறேன்,
ஹெல்மெட்டும் இல்லாமல் இருக்கும்.

எங்கே சிந்தினேன்?
சிம் வாங்கின கடை. தவணைக்கு எடுத்த பிரிட்ஜ்.
மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று.
கச்சேரிக்கு முன்னால் கொப்பிக் கடையில்,
மின்சாரம் நின்று மெசினுக்குள் என் முகம் பாதியில் மாட்டின அன்று.
"ஒண்டு கூடத் தாங்கோ அக்கா, தேவைப்படும்"
என்று ஒருவன் கேட்டான்.
தேவைப்பட்டிருக்கிறது.

இப்போது கொப்பி கொடுத்தால்
குறுக்கே இரண்டு கோடு இழுக்கிறேன்.
கோடுகளுக்கு நடுவே:
மின் இணைப்புக்கு மட்டும். திகதி.
"இப்பிடி ஒருத்தரும் தாறேல்லை" என்று
கவுண்டர் பெடியன் முகம் சுளிக்கிறான்.
நான் தாறன், தம்பி.
வங்கியில் இருந்தாம், போன் எடுத்து இலக்கம் கேட்கிறார்கள்.
"உங்களிட்ட இருக்குமே, நீங்கள் சொல்லுங்கோ,
சரியோ எண்டு நான் பாக்கிறன்."
அந்தப் பக்கம் அறுந்துவிடுகிறது.

கச்சான் முடிந்தும் தாளை எறிய மனமில்லை.
திரும்பிப் போய்க் கேட்டேன்,
"அண்ணை, இந்தப் பேப்பர் எங்கத்தையான்?"
"கிலோக் கணக்கில வாங்கிறது."
தள்ளுவண்டிக்குக் கீழே கட்டு, முழங்கால் உயரம்.
மேலே ஒரு சந்திரலிங்கம், சுன்னாகம்.
கண்ணாடி போட்டு, நேரே பார்த்தபடி.
அவருக்குக் கீழே யாரோ, அவருக்குக் கீழே யாரோ.

"முழுக்கத் தாங்கோ."
ஏற இறங்கப் பார்த்தார்.
"கச்சானோ?"
"பேப்பர்."
"ஐந்நூறு தாங்கோ."

பருத்தித்துறை பஸ்ஸில் மூலை இருக்கை.
மடியில் நாலு கிலோ ஆட்கள்.
கிணற்றடியில் வைத்துக் கொளுத்தவேணும்,
காற்று விழுந்த பிறகு.
கொண்டக்டர் குனிந்து பார்த்தான்,
"உது பாரம் அக்கா, தனி டிக்கெட் வரும்."
எடுத்தேன்.