அடகு ரசீது எண் 4417

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில்
கேவல்சந்த் சேட்டு கடையில்
பதினோரு வருஷமாக ரசீது எழுதுகிறேன்.
கம்மல் ஒரு ஜோடி, கல் வைத்தது, திருகாணி ஒன்று இல்லை.
கொலுசு, கறுத்தது.
தாலிக்குண்டு நான்கு.
இதை எழுதும்போது மட்டும்
யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

போன மாசச் சம்பளத்தில்
ஆயிரம் ரூபாயைத் தனியே வைத்தேன்,
பிட்காயின் வாங்க.
சொல்லிவைத்தவன்
எதிர்ச்சாரியில் செல்போன் கழற்றும் ஷர்புதீன்.
"நடுவுல ஆளே கெடையாதுக்கா.
பேங்க் இல்ல, சேட்டு இல்ல.
நீ, உன் காசு, அவ்ளோதான்."
நடுவில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவள் நான்.
கொஞ்சம் உறுத்தியது.

பான் கார்டில் பியூலா, ஆதாரில் பூலா.
இரண்டும் ஒருத்திதான் என்று நம்ப
அந்த ஆப்புக்கு ஒன்பது நாள் ஆனது.
முகத்தை இடது பக்கம் திருப்பச் சொன்னது,
வலது பக்கம் திருப்பச் சொன்னது,
கண்ணைச் சிமிட்டச் சொன்னது.
பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்கவில்லை.

வந்து விழுந்தது:
பூஜ்யம், புள்ளி, மூன்று பூஜ்யம், பிறகு ஒரு ஒன்று, ஒரு இரண்டு.
குன்றிமணியைப் பொடித்து, பொடியை ஊதிவிட்டு,
தட்டில் ஒட்டியிருப்பதை நிறுத்தால் வருமே, அது.
இரவு பதினொன்றுக்கு ஆயிரத்து நாற்பது.
விடிகாலை தண்ணி லாரிக்குக் குடம் வைக்கையில்
தொள்ளாயிரத்துப் பத்து.
வரிசையில் என் குடம் நகர்ந்தது.
நான் நகரவில்லை.

லாபம் வந்தால் நூற்றுக்கு முப்பது அரசாங்கத்துக்காம்.
நட்டம் முழுசும் எனக்கே.
ஏலச்சீட்டு பிடித்த தேவசகாயமாவது
ஓடிப்போகுமுன் ஒரு கல்யாணச் சாப்பாடு போட்டான்.

"ஆப்புல வெக்காத, சொந்தப் பைக்கு மாத்திக்கோ" என்றான் ஷர்பு.
மாற்றுக்கூலி போக எண்ணூற்றுச் சொச்சம்.
பையைத் திறக்கப் பன்னிரண்டு சொல் வந்தது.
இங்கிலீஷ் சொல். ஒன்றுக்கொன்று உறவில்லை.
ஸ்டான்லி ஆஸ்பத்திரி பெஞ்சில்
பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி.
ஒன்று மட்டும் சொல்கிறேன்: அதில் ஒரு குடை இருக்கிறது.
மற்றதைக் கேட்காதீர்கள்.

தொலைந்தால்?
"தொலைஞ்சா போச்சுக்கா."

எங்கள் கடையில் ரசீது தொலைந்தால்
இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கொடுத்து,
சேட்டிடம் அரைமணி நேரம் திட்டு வாங்கி,
நகையை மீட்டுவிடலாம்.
இங்கே திட்டக்கூட ஆளில்லை.

எங்கே வைப்பேன்.
வியாசர்பாடியில் என் வீடு
மழைக்கு முழங்கால், புயலுக்கு இடுப்பு.
பைபிளில் வைக்கலாம்.
பைபிளே போன டிசம்பரில் கட்டிலுக்கடியில் மிதந்தது.
அரிசி டப்பாவில் வைத்தால்
மளிகைச் சீட்டென்று நினைத்து
வீட்டுக்காரர் கடைக்குக் கொண்டுபோவார்.
குடை வாங்கி வருவார்.

வெள்ளிக்கிழமை, சேட்டு சாப்பிடப் போன நேரம்
என் மூக்குத்தியைக் கழற்றினேன்.
ரசீது எண் நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு.
மூக்குத்தி ஒன்று, ஒற்றைக் கல்.
பெயர், பியூலா. தொகை, ஐந்நூறு.
துணிப்பையில் மூக்குத்தி,
மூக்குத்திக்கு அடியில் நான்காய் மடித்த காகிதம்.
அரக்கு வைத்து இரும்புப் பெட்டிக்குள் தள்ளினேன்.
தீ தொடாது, வெள்ளம் தொடாது.
மாச வட்டி பத்து ரூபாய்.

கணக்கு எழுதுகிறவளுக்குக்
கணக்கு தெரியாமல் இல்லை.
சேட்டு தினமும் அந்தப் பெட்டிக்கு ஊதுபத்தி காட்டுகிறார்.
எனக்கும் சேர்த்துத்தான் காட்டுகிறார்,
அவருக்குத் தெரியாது.

நேற்று ஒருத்தன் போன் செய்தான். தேன் குரல்.
"மேடம், உங்க கணக்குல கோளாறு.
அந்தப் பன்னெண்டு வார்த்தைய சொல்லுங்க,
சரிபண்ணிடறோம்."
தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்:
"அது அடகுல இருக்குதுப்பா.
அசலும் வட்டியும் எடுத்துக்கினு
பத்து மணிக்கு மேல வா.
ஞாயித்துக்கெழம லீவு."

மூக்குத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க
ஒரு வேப்பங்குச்சி செருகியிருக்கிறேன்.