ஆணி அடிக்கக் கூடாது

வாடகைப் பத்திரத்தில் ஏழாவது வரி அது.
படித்துக் காட்டும்போது வரதராஜுலு சார்
சுவரை ஒருமுறை தடவிக்கொடுத்தார்,
கறவை மாட்டைத் தடவுவதுபோல்.

கொளத்தூரில் இரண்டாம் மாடி, ஒற்றைப் படுக்கையறை.
கீழே வைத்தால் கால் இடறும்.
மேலே வைக்க மேல் என்று ஒன்று இல்லை.

திரைச்சீலைக் கம்பியில் பழைய போர்வையைத் தொங்கவிட்டு
நெல்சனின் முட்டி கிழிந்த ஜீன்ஸ்களிலிருந்து
ஆறு பாக்கெட்டுகளை வெட்டி அதில் தைத்தேன்.
அவர் இடுப்பில் இருந்தவரை
பத்து ரூபாய் தங்காத பாக்கெட்டுகள்
இப்போது ரேஷன் கார்டு, கரண்ட் பில் அட்டை,
சீப்பு, தெர்மாமீட்டர் எல்லாவற்றையும்
பொறுப்பாக வைத்துக்கொள்கின்றன.

ஓட்டை விழுந்த தண்ணீர் கேனை
அடுப்பில் காட்டிய கத்தியால் அறுத்தேன்.
வயரிங் எரிகிறதா என்று
மூன்றாம் மாடியிலிருந்து ஓடிவந்தார்கள்.
அடிப்பாதியில் புதினா.
மேல்பாதியைக் குண்டு பல்புக்குக் குடையாக மாட்டினேன்,
அரைமணியில் கோணிக்கொண்டு இளகி வழிந்தது.
செய்வதெல்லாம் அழகாக வருமென்று யார் சொன்னது?

அப்புறம் அந்த ஃப்ளெக்ஸ்.

ஐப்பசிக் காற்றில் கட்டவிழ்ந்து
குப்பைத்தொட்டி மேல் மூன்று நாள் கிடந்தது.
பத்தடிக்கு ஆறடி. தண்ணீர் புகாது, சாயம் போகாது.
இழுத்துவந்து மொட்டைமாடியில் தேய்த்துக் கழுவினேன்.
கண்ணீர் அஞ்சலி என்றிருந்த பக்கம்
உள்ளே போகும்படி மடித்து, வெட்டி,
மூன்று ஊசி உடைத்து,
மெக்கானிக் கடையில் கேட்டு வாங்கிய
சீட் பெல்ட் வாரில் கைப்பிடி வைத்து
காய்கறிப் பை ஒன்று.
வெளியே வெள்ளை.
உள்ளே ஒரு பாதி மீசை, ஒரு முழுக் கண்,
அறுபட்ட பெயர்: னியப்பன்.

ஜெமிமா எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
யாரும்மா இவரு, கத்தரிக்காய்க்குள்ள?
நம்ம கூட மார்க்கெட்டுக்கு வர்றவரு, என்றேன்.

அதைச் சொல்லி ஏழெட்டு மாதம் இருக்கும்.
ரெட்டேரிப் பக்கம் வழக்கமாக வாங்கும் அக்கா
ஒரு கிலோ தக்காளி நிறுத்து
பைக்குள் கவிழ்க்கப் போனவள்
தட்டோடு நின்றுவிட்டாள்.
பின்னால் ஒருவர் கொத்தமல்லிக்கு அவசரப்பட்டார்.

எங்க பெரியண்ணன், என்றாள்.

தெருவுல கிடந்துச்சுக்கா, என்றேன்.
அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

தக்காளியைத் திரும்ப எடுத்துத்
தனியாக ஒரு காகிதத்தில் கட்டினாள்.
அடியில போடாத. மூஞ்சில நசுங்கும்.
பிறகு ஒரு கோஸ் இலையைப் பிய்த்து
அந்தக் கண்ணுக்கு மேல் விரித்து
அதற்கு மேல்தான் உருளைக்கிழங்கை
ஒவ்வொன்றாக இறக்கினாள்.

பையை நீங்களே வச்சுக்கறீங்களாக்கா?

எனக்கெதுக்கு? இருந்தப்பவே
வூட்ல ஒரு நாழி உக்காராத ஆளு.
சுத்தட்டும்.
நாப்பது ரூவா குடு.

வீட்டுக்கு வந்து உருளையைக் கொட்டினேன்.
வாடிய இலையை எடுத்தேன்.
பையை வழக்கம்போல் சிங்க் அடியில்
சுருட்டித் தள்ளப் போன கை
போகவில்லை.

கம்பியில் இடமில்லை. கதவுக் குமிழில்
நெல்சனின் சட்டை. ஜன்னலில் சாரல் அடிக்கும்.
வீட்டைச் சுற்றிவந்தேன், பையைக் கையில் வைத்துக்கொண்டு,
விருந்தாளிக்கு நாற்காலி தேடுவதுபோல்.

நான்காம் பாக்கெட்டில்
எதற்கோ எடுத்துவைத்த ஒற்றை ஆணி இருந்தது.
சுத்தியல் இல்லை.
பழைய திண்டுக்கல் பூட்டு, கையில் பிடிக்கக் கனமாக, வாகாக.

மூன்று அடி.

கீழ்வீட்டில்
டி.வி. சத்தம் நின்றது.