ஃபிரிட்ஜின் இடப்பக்கம்

மே மாதத்து ரூவியில்
குளிர்நீர்க் குழாயைத் திறந்தால் கை வெந்துபோகும்.
மொட்டைமாடித் தொட்டியில் வெயில் அப்படி.
அதனால் கீசரை அணைத்துவிட்டு
அதற்குள் தேங்கி ஆறிய தண்ணீரில்தான் குளிக்கிறோம்.
சிவப்புப் புள்ளிக்குத் திருப்பினால் குளிர்ச்சி.
நீலத்துக்குத் திருப்பினால் ஆவி.
இதை ஆன்சிலாவுக்குப் புரியவைக்க
எனக்கு ஒரு கோடை முழுதும் ஆயிற்று.
பிறகு லீவுக்கு நாகர்கோவில் போனோம்.
சித்தி வீட்டுக் குளியலறையில்
நம்பிக்கையாகச் சிவப்பைத் திருப்பி
தெருவே கேட்க அலறினாள்.

எனக்குக் கிளினிக்கில் இரண்டு துண்டு வேலை.
ஒன்பது முதல் ஒன்று, நாலு முதல் ஒன்பது.
இன்சூரன்ஸ் கவுன்ட்டரில்
யார் யார் பிள்ளைகளுடைய பிறந்த தேதியோ
மனப்பாடமாக இருக்கிறது.
என் பிள்ளைகளை
ஒன்றுக்கும் நாலுக்கும் நடுவில் பார்க்கிறேன்,
அதிலும் ஒருவர் தூங்குவார்,
ஒருவர் ஹெட்ஃபோனுக்குள் இருப்பார்.
ஜெர்வின் டிபனில் இப்போது ஆறு தோசை.
இரண்டு ஃபர்ஹானுக்கு என்கிறான்.
போன வருஷமும் ஃபர்ஹான் இருந்தான்,
தோசை நாலுதான்.

வாடகை வீட்டுச் சுவரில் பென்சில் கோடு விழுந்தாலும்
டெபாசிட்டில் பிடித்துக்கொள்வார்கள்.
ஆகையால் இவர்கள் வளர்ந்ததெல்லாம்
ஃபிரிட்ஜின் இடப்பக்கத்தில்,
கறுப்பு மார்க்கரில்:
ஜெ. இரண்டு வயது, ஹம்ரியா வீடு.
ஜெ. ஐந்து, காய்ச்சல் விட்ட மறுநாள்.
ஆ. மூன்று, நுனிக்காலில் நின்றாள், ஒரு விரல் கழிக்கவும்.
மூன்று வீடு மாறியபோதும்
சாமான் தூக்குகிறவர்களிடம்
டைட்டஸ் டிவியைக் காட்டிப் பத்திரம் என்பார்.
நான் இந்தப் பக்கத்தைக் காட்டுவேன்.
பழுப்புத் தகரத்தில் என்ன இருக்கிறதென்று
அவர்கள் குனிந்து பார்ப்பார்கள்.
ஜெர்வினுக்குக் கடைசிக் கோடு பதின்மூன்றில்.
அதற்கு மேல் ஃபிரிட்ஜ் இல்லை.

செவ்வாய் இரவு அது நின்றுபோயிற்று.
நெய்மீன் உருகி, தோசைமாவு பொங்கி வழிந்து
வீடு முழுக்க ஒரு புளித்த வாடை.
மெக்கானிக் பார்த்துவிட்டுச் சிரித்தார்.
சனிக்கிழமை மதியம்
பழைய சாமான் எடுக்கும் சுலைமான் வந்தார்.
ஐந்து ரியால் என்றார், ஆறுக்கு ஒத்துக்கொண்டார்.
கோடுகளைப் பார்த்து,
பெட்ரோல் போட்டால் போய்விடும் மேடம் என்றார்.
பிறகு அவரே
முழங்காலுக்கு மேலிருந்த ஒரு கோட்டில் கைவைத்து
இவ்வளவு இருக்கும்போது விட்டுவிட்டு வந்தேன் என்றார்.
யாரை என்று நான் கேட்கவில்லை.
அவரும் அதற்குள்
கதவைக் கயிற்றால் கட்டத் தொடங்கிவிட்டார்.

லிஃப்ட் வழக்கம்போல் வேலை செய்யவில்லை.
கீழ்முனையை ஜெர்வின் பிடித்தான்.
நான் கேட்கவில்லை, அவனாகப் பிடித்தான்.
அவன் தோளில் அப்பா சட்டை
இறுக்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
சுவரோடு ஒரு நீண்ட கீச்சொலி.
கைப்பிடிக் கம்பி மேல் குனிந்தேன்.
"அம்மா, ஏழு வயசு உரசிப் போச்சு" என்றான்,
குரல் பாதியில் தடித்து, பாதியில் கீறி.
"பரவாயில்ல, கால் பத்திரம்" என்றேன்.

புது ஃபிரிட்ஜுக்குப் பக்கமெல்லாம் கறுப்புக் கண்ணாடி.
அதில் மார்க்கர் ஒட்டாது.
ஆன்சிலா வெள்ளை மார்க்கர் இருக்கிறதாம் என்கிறாள்,
லுலுவில் பார்த்தாளாம்,
அவளுக்கு இன்னும் நாலைந்து கோடு பாக்கி.
அவன் வியர்வையோடு மேலே வந்தான்,
என்னைக் கடந்து குளியலறைக்குப் போனான்,
சிவப்பைத் திருப்பி
கீசர்த் தண்ணீரை மொத்தமும் தீர்த்துவிட்டான்.
மணி மூன்றரை. நாலுக்கு நான் கவுன்ட்டரில் இருக்க வேண்டும்.
நீலத்தைத் திறந்து வாளியைப் பிடித்து வைத்திருக்கிறேன்.
கொஞ்சம் ஆறட்டும்.