இரண்டு தட்டு

ராத்திரி போட்டிருந்த மேலங்கி ஆரஞ்சு.
காலையில் பள்ளிக்கூடம் தருவது பச்சை.
இரண்டிலும் அதே வெள்ளிப் பட்டை,
இரண்டிலும் என் வேர்வை.

ஒரு மணியிலிருந்து நாலரை வரை
மின்சாரம் துண்டித்த தண்டவாளத்தில்
டார்ச் அடித்து விரிசல் தேடுகிறவன் நான்.
ரயிலே வராத பாதையில் நடப்பதற்குச்
சம்பளம் தருகிறார்கள்.
ஆறு ஐம்பதுக்குச் செம்பவாங்கில்,
பள்ளி வாசலில்,
சம்பளமில்லாமல் கையைத் தூக்குகிறேன்.
ஒரு மெர்சிடிஸ் நிற்கிறது.
இந்த உள்ளங்கைக்கு இத்தனை செல்வாக்கென்று
முப்பத்தெட்டு வருஷமாய் யாரும் சொல்லவில்லை.

தொண்டூழியப் படிவத்தில்
'உங்கள் திறமை' என்றொரு கட்டம்.
தையல், ஓவியம், கதை சொல்லுதல்
என்று டிக் போட வரிசையாய் இடமிருந்தது.
விரிசல் பார்ப்பது அதில் இல்லை.
'மற்றவை' என்பதில் போட்டேன்.

இங்கே எங்களில் எவனுக்கும் பெயர் கிடையாது.
கழுத்தட்டையில் 'அனிச்சாவின் தந்தை' என்றிருக்கிறது.
எதிர்ப்புறம் பலகை பிடித்திருப்பவர் ஹைக்காலின் தந்தை.
டை கட்டியபடி குடை மடக்கித் தருகிறவர்
ஜுன் வெய்யின் தந்தை;
எட்டு மணிக்கு ராஃபிள்ஸ் பிளேஸில்
அவருக்கு வேறு பெயர் உண்டாம்.
வாட்ஸ்அப் குழுவில் இன்னும் மோசம்.
மனைவியின் பழைய எண் என்னிடம் வந்ததால்
அங்கே நான் 'அனிச்சா மம்மி'.
யாரும் திருத்தவில்லை. நானும்.

புதன்கிழமை கேண்டீன் முறை.
முதல் வாரத்து ஒன்றாம் வகுப்புகள்
இரண்டு வெள்ளித் தாளைப்
பாஸ்போர்ட் போல நீட்டிக்கொண்டு நிற்கும்.
மீன் உருண்டை மீ ஒன்று அறுபது, மீதி எவ்வளவு?
ஒன்று சீனத்தில் ஏதோ சொல்லி அழுதது.
எனக்குத் தெரிந்ததெல்லாம் கோப்பிக் கடைச் சீனம்.
'சர்க்கரை வேண்டாம்' என்று சொல்லி
எந்தப் பிள்ளையைத் தேற்ற?
தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகிக் கொடுத்தேன்.
அழுகை அதற்குத்தான் போலிருக்கிறது,
நின்றது.

அனிச்சா முதல் நாளே நிபந்தனை போட்டாள்.
"வா. ஆனா என்னைக் கூப்பிடாதே.
கை காட்டாதே. சிரிக்காதே.
பாப்பான்னு சொல்லவே சொல்லாதே."
கையெழுத்து ஒன்றுதான் கேட்கவில்லை.
மூன்றாம் வகுப்பு ஆகிவிட்டாளே.
தினமும் தோழிகளோடு கடக்கிறாள்,
எனக்குப் பின்னாலிருக்கும் சுவரைப் பார்த்தபடி.
"யார் அது?" என்று ஒருத்தி கேட்டதற்கு
"டிராஃபிக் அங்கிள்" என்றாள்.
பொய்யில்லை.

நேற்று மழை.
முகங்களெல்லாம் குடைக்குள் போய்விட,
கால்களை எண்ணிக் கடத்திக்கொண்டிருந்தேன்.
நனைந்த வெள்ளைக் காலணிகள்,
நாற்பது, நாற்பத்திரண்டு.
ஒரு ஜோடி என்னருகே கொஞ்சம் மெதுவானது.
குடைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு
என் பலகைக் கம்பில்
டொக், டொக்.
திரும்பாமல் போய்விட்டது.

மத்தியானம் பள்ளி விட்டு வந்து
நான் தூங்கும் அறைக் கதவில் அவள் தட்டுவது அது.
வீட்டுச் சட்டம்: இரண்டுக்கு மேல் தட்டக் கூடாது.
பதில் வராவிட்டால்
தானே சோறு போட்டுச் சாப்பிட வேண்டும்.
பாதி நாள் பதில் வராது.
கதவுக்கு அந்தப் பக்கம்
அவள் எவ்வளவு நேரம் நின்றிருப்பாள் என்று
தூங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்?

முழிச்சுத்தான் இருக்கேன்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஒப்பந்தம் இருக்கிறது.
தவிர, மூன்று கார், ஒரு பள்ளிப் பேருந்து,
துடைப்பான்கள் ஆட, என் கைக்காகக் காத்திருந்தன.
"புரோ, பலகையை இறக்கு,
எல்லாரும் போயாச்சு" என்று
அந்தப் பக்கமிருந்து கத்தினார்
ஹைக்காலின் தந்தை.