கன மீட்டர்

ஜெகதேவி தாண்டி, தூசு படிந்த புளியமரங்களுக்குப் பின்னால்
நான் நீந்தும் பள்ளம் இருக்கிறது.
ஆழம் யாருக்கும் தெரியாது என்பார்கள்.
எனக்குத் தெரியும்.
ஒன்பது வருடம் அந்தக் குவாரியில் ரசீது போட்டவள்.
நீளம் அகலம் உயரம் பெருக்கி
மூலை உடைந்ததற்குக் கொஞ்சம் கழித்து
கார்பன் தாளுக்கு அடியில் நீலமாய் இறங்கும் எண்கள்.
போன கல் அத்தனையும்
என் கையெழுத்தில்தான் போனது.

குத்தகை முடிந்ததும் மோட்டாரை நிறுத்தினார்கள்.
அவ்வளவுதான்.
ஆள் எழுந்த பஸ் சீட்டில் அடுத்தவர் உட்காருவதுபோல
தண்ணீர் வந்து உட்கார்ந்துகொண்டது.
'குளிக்கத் தடை' என்று ஒரு பலகை, மண்டையோட்டுடன்.
அதற்கும் வவுச்சர் எழுதியது நான்தான்:
நானூற்றைம்பது ரூபாய், பெயின்ட் உட்பட.

நாகவேணிதான் தள்ளிவிட்டாள், விளையாட்டுக்கு.
உனக்கு நீச்சல் தெரியுமென்று நினைத்தேன் என்றாள், பிறகு,
அழுதுகொண்டே.
சுடிதார் உப்பி முகத்தை மூட
கால் தரையைத் தேடித் தேடி
கை மட்டும் எதையோ கண்டுபிடித்தது:
பாறையில் ட்ரில் இறங்கிய தடம்,
அரைக் குழாய் போல, வழவழப்பாக,
ஒரு விரலுக்கு அளவெடுத்ததுபோல.
அதைப் பிடித்துக்கொண்டு இருமினேன்.
இருமி முடித்ததும்
ஏறிவரத் தோன்றவில்லை.

எழுபத்தெட்டு கிலோ நான்.
ஷேர் ஆட்டோவில் என் பக்கத்து ஆள்
பெருமூச்சு விட்டுத்தான் நகர்வார்.
தண்ணீர் நகர்ந்தது, பெருமூச்சு இல்லாமல்.
அந்த மரியாதைக்காகத்தான்
ஞாயிறுதோறும் போனேன் என்று நினைக்கிறேன்.

ஆறு எனக்கு ஒத்துவரவில்லை.
ஒகேனக்கல்லில் இறங்கிய அன்று
நான் ஒரு பக்கம் நினைக்க
அது ஏற்கெனவே என் சார்பில் முடிவெடுத்திருந்தது.
மீன் வறுக்கும் வாசனையை நோக்கி நீந்திக் கரையேறினேன்.

கடல், கம்பெனி டூரில், புதுச்சேரி.
ஆண்களெல்லாம் பேன்ட்டைச் சுருட்டி
முழங்கால் வரை நின்று போட்டோ எடுக்க
நான் போனேன்.
வீடு மாறி வந்த தபாலைப்போல
மூன்று முறை திருப்பி அனுப்பியது.
உப்பு, மூக்கில், வேலூர் வரை.
அந்தத் தண்ணீரைக் கணக்கெடுக்க
எந்த ரசீதுப் புத்தகமும் போதாது என்பதே
எனக்குப் பிடிக்கவில்லையோ என்னவோ.

இப்போது ஓசூர்.
வேறு வேலை, வேறு நாற்காலி.
பெண்களுக்கு ஆறு மணி முதல் ஏழு,
நூற்றைம்பது ரூபாய், தொப்பி தனி.
நீலமாய்த் தரை தெரிகிறது. தெரிவதால் பயமாய் இருக்கிறது;
விழுந்தால் இவ்வளவுதான் என்று
முன்கூட்டியே காட்டும் ஆழம்.
பயிற்சியாளர் நிவேதனுக்கு இருபத்து நான்கு வயது.
"அக்கா, இது நீச்சல் இல்லை, தகராறு.
யார் கற்றுக்கொடுத்தது?"
யாருமில்லை என்றேன்.
"தெரிகிறது" என்றான்.

நேற்று நான்காவது நீளம் முடித்து
மூச்சு வாங்க விளிம்பைப் பிடித்தேன்.
கத்திரிப்பூ நிறக் கல்.
சாம்பல் கோடுகள் அதற்குள் வளைந்து வளைந்து ஓடின,
காற்றடித்த தண்ணீர் அப்படியே நின்றுவிட்டதுபோல.
எங்கள் ஊர்க் கல்லாக இருக்கலாம்.
வேறு எந்தக் குவாரியாகவும் இருக்கலாம்.
பாலிஷ் போட்ட பிறகு கல் எதையும் சொல்லாது.

ஆனாலும் கை அடியில் போய்த் தடவியது,
பாலிஷ் எட்டாத பக்கத்தில்.
சொரசொரப்பு.
அதன் நடுவே ஓரிடம் மட்டும் வழவழப்பாக,
ஒரு விரல் அகலத்துக்கு.

"அக்கா, டைம்" என்று விசில் ஊதினான்.
நான் இன்னும் கொஞ்ச நேரம்
அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தேன்.
மனதுக்குள் பெருக்கல்.
அந்தப் பள்ளத்தில் இவ்வளவு தண்ணீர்,
இதோ இங்கே இவ்வளவு கல்.
கழிக்க வேண்டிய மூலை எது என்று மட்டும்
பிடிபடவில்லை.